ஷின்டோ மதமா இல்லையா? ஆபீஸ் கும்பிடுல இருந்து யசுகுனி வரைக்கும்

பட்டணத்துப்பையன்
எல்லாருக்கும் வணக்கம், இவ்ளோ நாள் வாசிச்சுட்டு மட்டும் போய்ட்டு இருந்தேன், இதுதான் நான் திறக்குற முதல் இழை. டோக்கியோல ஐடி வேலை. ஜனவரில முதல் வேலை நாள் அன்னிக்கு மொத்த டீமையும் காந்தா மியோஜின்னு ஒரு ஷின்டோ கோயிலுக்கு கூட்டிட்டு போனாங்க, அங்க பாத்தா எல்லா கம்பெனி ஆளுங்களும் கோட்டு சூட்டோட நிக்குறான், வரிசை ரோடு வரைக்கும் வந்துருச்சு. எங்க மேனேஜர் உண்டியல்ல காசு போட்டு ரெண்டு தடவை குனிஞ்சு ரெண்டு தடவை கை தட்டி திரும்ப ஒரு தடவை குனிஞ்சார், பக்திப் பழம் மாதிரி. மதியம் சாப்பாட்டுல நீங்க என்ன மதம் சார்னு கேட்டேன், "மதமா? எனக்கு ஒண்ணும் கிடையாதே"ன்றார். டேபிள்ல இருந்த அஞ்சு பேரும் அதே பதில். யாருக்கும் அதுல ஒரு முரண்பாடே தெரியல. இது எப்படி? ஷின்டோ மதம் இல்லையா அப்ப? வரலாறு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நைட்ஷிப்ட்
காசு போட்டு ப்ரமோஷன் கேக்குறதுக்கு மதம் எதுக்கு தம்பி

செம்பருத்தி
ஷின்டோன்றது நம்ம குலசாமி கும்பிடுற மாதிரிதான். மரம், மலை, ஆறு எல்லாத்துலயும் சாமி. அதுக்கு வேதப்புத்தகம் கிடையாது, தீர்க்கதரிசி கிடையாது, மதம் மாத்துறது கிடையாது. ஐரோப்பாக்காரன் "மதம்"னு ஒரு பெட்டி செஞ்சு வச்சிருக்கான், அதுல இது அடங்கல, அவ்ளோதான் விஷயம். ரெண்டாயிரம் வருஷமா ஒரே மாதிரி வந்துட்டு இருக்குற மரபு, அதுல போய் அரசியல் தேடாதீங்க.

கருவேலங்காடு
செம்பருத்தி அக்கா சொல்றதுல பாதி சரி. ஊர்ச்சாமி கும்பிடுறது பழசுதான், அதை யாரும் மறுக்கல. ஆனா "ஒரே மாதிரி வந்துட்டு இருக்கு"ன்றது நடக்காத கதை. தம்பி போன அதே காந்தா கோயிலையே எடுத்துக்குவோம். அங்க பல நூறு வருஷமா முக்கியமான சாமி தைரா நோ மசகாடோ, 10ஆம் நூற்றாண்டுல ராஜாவை எதிர்த்து கலகம் பண்ணி தலை வெட்டுப்பட்ட வீரன். எடோ (பழைய டோக்கியோ) மக்களுக்கு அவர் மேல அப்படி ஒரு பிரியம். 1874ல மெய்ஜி பேரரசர் அந்தக் கோயிலுக்கு வரப்போறார்னதும் ராஜாவை எதிர்த்தவன் எப்படி மூலஸ்தானத்துல இருக்கலாம்னு சொல்லி அவரைத் தூக்கி ஓரமா ஒரு சின்ன சன்னதில வச்சுட்டு வேற சாமியைக் கொண்டாந்து உக்கார வச்சாங்க. ஊர்க்காரங்களுக்கு செம கடுப்பு. அவர் திரும்ப மூலஸ்தானத்துக்கு வந்தது 1984ல! நூத்திப்பத்து வருஷம். அப்ப யார் மூலவர்ன்றதையே அரசாங்கம் முடிவு பண்ற இடத்துல அரசியலைத் தேடவே வேண்டாம், அதுவா வந்து வாசல்ல நிக்குது.

அப்புறம் அந்த ரெண்டு குனிவு ரெண்டு கைதட்டு ஒரு குனிவு. அது நாடு முழுக்க ஒரே மாதிரி ஆனதே 1868ல மெய்ஜி ஆட்சி வந்த பிறகு சடங்குகளை ஒழுங்குபடுத்தினதாலதான். இஸுமோ கோயில்ல இன்னிக்கும் நாலு தடவை தட்டுவாங்க.

பட்டணத்துப்பையன்
அட, மசகாடோ பத்தி தெரியாதுண்ணே. ஆபீஸ்ல கேட்டா எவனுக்கும் தெரியாது போல. விரிவா எழுதுங்க ப்ளீஸ், 1868ல என்னதான் நடந்துச்சு?

கருவேலங்காடு
எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மெய்ஜிக்கு முன்னாடி ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஷின்டோவும் பௌத்தமும் தனித்தனியா இல்ல. ஒரே வளாகத்துல ஜின்ஜாவும் (ஷின்டோ கோயில்) இருக்கும் புத்தர் கோயிலும் இருக்கும், கமி சாமிகள்னா புத்தரோ போதிசத்துவரோ ஜப்பானுக்காக எடுத்த உருவம்னு நம்பிக்கை, பல பெரிய ஜின்ஜாக்கள்ல நிர்வாகமே பிக்குகள் கையிலதான். அரண்மனைக்குள்ளேயே ராஜகுடும்பத்துக்கு புத்த பூஜை அறை இருந்துச்சு. மெய்ஜியோட அப்பா கோமெய் வரைக்கும் பல ராஜாக்களுக்கு ஈமக்காரியம் பண்ணது கியோத்தோல இருக்குற சென்ன்யூஜின்ற புத்தர் கோயில். இன்னிக்கு "ஷின்டோ அரச குடும்பம்"னு சொல்றோமே, அந்தக் குடும்பமே அப்படித்தான் இருந்துச்சு.

1868ல புது அரசாங்கம் வந்தவுடனே போட்ட முதல் ஆணைகள்ல ஒண்ணு, கமியையும் புத்தரையும் பிரி. ஜின்ஜாக்குள்ள புத்தர் சிலை, மணி, பூஜைச் சாமான் எதுவும் இருக்கக்கூடாது. ஆணைல உடைன்னு இல்ல, பிரின்னுதான் இருந்துச்சு. ஆனா ஹியெய் மலையடிவாரத்துல இருக்குற ஹியோஷி ஜின்ஜால ஆணை வந்த சில நாள்லயே ஷின்டோ பூசாரிகள் ஆயுதத்தோட ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு வந்து கருவறைக் கதவை உடைச்சு, உள்ள இருந்த புத்தர் சிலைகளையும் சூத்திர ஏடுகளையும் வெளிய இழுத்துப் போட்டு கொளுத்துனாங்க, தலைமை தாங்கின ஆள் புத்தர் முகத்துல அம்பு விட்டு சந்தோஷப்பட்டான்னு பதிவு இருக்கு. எத்தனையோ காலமா மேல என்ரியாகுஜி மடத்துப் பிக்குகளுக்குக் கீழ கைகட்டி நின்ன கோபம் எல்லாம் அதுல இருக்கு, வெறும் கொள்கை மட்டும் இல்ல. பயந்துபோய் அரசாங்கமே இப்படிலாம் வன்முறை பண்ணாதீங்கன்னு அறிக்கை விட்டுச்சு.

மக்கள் ஏன் சேந்தாங்கன்னும் பாக்கணும். தொக்குகாவா காலத்துல (மெய்ஜிக்கு முந்தின ஷோகன் ஆட்சி) கிறிஸ்தவத்தைத் தடை பண்ணப்ப, நான் கிறிஸ்தவன் இல்லைனு காட்ட ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்தர் கோயில்ல பதிஞ்சிருக்கணும்னு சட்டம். பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாத்துக்கும் அந்தக் கோயில் சர்டிபிகேட் வேணும். கிட்டத்தட்ட விஏஓ ஆபீஸ் அது. இருநூறு வருஷத்துக்கு மேல அப்படி இருந்தா என்ன ஆகும், காசு கறப்பாங்க, அதிகாரம் பண்ணுவாங்க, ஊர் மனசுல வன்மம் சேரும்.

சத்சுமா பகுதில (இப்ப கககோஷிமா) ஆயிரத்துக்கும் மேல கோயில்கள், ஒண்ணு விடாம ஒழிச்சாங்க, மணியெல்லாம் உருக்கினாங்க. கமகுரால சுருகஓகா ஹசிமான் வளாகத்துல பெரிய பகோடா இருந்துச்சு, 1860கள்ல எடுத்த போட்டோல பாக்கலாம், 1870ல இடிச்சாச்சு. நாராவுல கொபுகுஜி பிக்குகள் ராவோட ராவா காவியைக் கழட்டிட்டு பக்கத்துல இருக்குற கசுகா ஜின்ஜால பூசாரி ஆயிட்டாங்க, ஆளில்லாத அந்தக் கோயிலோட அஞ்சடுக்கு பகோடா சொற்பக் காசுக்கு விலை போகப் பாத்துச்சாம், வாங்கினவன் மரத்தைக் கொளுத்தி உலோகத்தை மட்டும் எடுக்கப் பாத்தான், அக்கம்பக்கத்துக்காரங்க எங்க வீடும் சேந்து எரியும்னு தடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. இப்ப அது தேசியச் சொத்து, மான் கூட நின்னு எல்லாரும் செல்பி எடுத்திருக்கோம்.

நமக்கு சம்பந்தம் உள்ளது ஒண்ணு. பென்சைதென்னா சரஸ்வதி. மியாஜிமா தீவுல கடலுக்குள்ள நிக்குற சிவப்பு தோரி (ஜின்ஜா வாசல் வளைவு) பாத்திருப்பீங்க, அந்த இத்சுகுஷிமா ஜின்ஜால சரஸ்வதிக்கு அவ்ளோ பேர். அவங்க புத்தமதம் வழியா வந்த இந்திய சாமின்னு சொல்லி 1868க்கு அப்புறம் பக்கத்துல இருக்குற தைகன்ஜி கோயிலுக்கு மாத்திட்டாங்க. ஷிக்கோக்கு தீவுல கொம்பிரா, கங்கை முதலை கும்பீரர்லேருந்து வந்த சாமி, மாலுமிகளுக்கு குலதெய்வம் மாதிரி, அந்த இடத்தையும் சுத்த ஷின்டோன்னு அறிவிச்சு வேற பேர்ல ஜப்பானிய சாமி வச்சாங்க. கியோத்தோ கியோன் திருவிழா தெரியும்ல, அந்தக் கோயில் சாமி கொசு தென்னோவும் போயாச்சு, சுசனோவோ வந்தாச்சு, கோயில் பேரே யசகான்னு மாறிடுச்சு. மக்கள் வாய்ல மட்டும் கியோன் கியோன்தான்.

நைட்ஷிப்ட்
சரஸ்வதியையே டெபுடேஷன்ல அனுப்பிட்டானுங்களா

செம்பருத்தி
தகவலுக்கு நன்றி கருவேலங்காடு, அந்த உடைப்பு எனக்கும் வருத்தம்தான். ஆனா நீங்க ஷின்டோ பூசாரிகளே ஜெயிச்ச மாதிரி எழுதுறீங்க, அங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல. 1871ல ஜின்ஜா நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதே வருஷம் பரம்பரை பூசாரி உரிமையை ரத்து பண்ணிட்டாங்க, ராஜகுடும்பத்தோட முக்கிய ஜின்ஜாவான ஈசேல நூற்றாண்டுகளா இருந்த அரகிதா, வதராய் குடும்பங்களையே வெளிய அனுப்பினாங்க. சின்ன ஊர் ஜின்ஜாக்களுக்கு அரசாங்கக் காசு பெருசா ஒண்ணும் வரல. "அரசு ஷின்டோ"ன்னு ஒரு பெரிய பூதம் இருந்த மாதிரி பேசுறது போருக்குப் பின்னாடி அமெரிக்காக்காரன் கட்டின பிம்பம்னு ஜப்பான்லயே வரலாற்றாளர்கள் வாதாடுறாங்க.

தூத்துக்குடி டெக்கி
பரம்பரை பூசாரி ரத்தா? அப்ப நம்ம ஊர்ல

மட்டுறுத்துநர்
அந்தப் பக்கம் போகாதீங்க. அதுக்கு வேற இழை இருக்கு, அங்கயே 40 பக்கம் சண்டை ஓடுது.

கருவேலங்காடு
செம்பருத்தி அக்கா, நல்ல பாயின்ட். பூசாரிகள் ஜெயிக்கல, அதுல எனக்கும் சந்தேகமில்ல, அவங்க அரசாங்கத்துகிட்ட காசு கொடு காசு கொடுன்னு மனு போட்டுட்டே இருந்தாங்க. ஜெயிச்சது வேற. பட்டணத்துப்பையன் கேட்ட கேள்விக்கு பதிலும் அங்கதான் இருக்குன்னு நினைக்குறேன்.

முதல்ல மெய்ஜிக்காரங்க ஷின்டோவை நேரா தேசிய மதமா ஆக்கத்தான் பாத்தாங்க, ஊர் ஊரா பிரசாரகர்களை அனுப்பினாங்க, செல்லுபடியாகல. மக்கள் கேக்கல, பௌத்தர்கள் எதிர்த்தாங்க (ஷிமஜி மொகுராய்னு ஹொங்கான்ஜி பிக்கு, ஐரோப்பா போயிட்டு அங்கேருந்தே கண்டிச்சு எழுதினார்), வெளிநாட்டுக்காரன் வேற மத சுதந்திரம் எங்கன்னு கேட்டுட்டே இருந்தான். நாகசாகி உரகாமில மறைஞ்சு வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்களை ஊர் ஊரா நாடு கடத்தி சித்திரவதை பண்ணது உலகம் முழுக்க நாறிடுச்சு, 1873ல தடைப் பலகைகளை எடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்பதான் ஒரு தந்திரம் பண்ணாங்க. ஷின்டோ மதமே இல்ல! 1882ல அரசு ஜின்ஜா பூசாரிகள் இனி மதப் பிரசங்கம் பண்ணக்கூடாது, சாவுச் சடங்கும் நடத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 1900ல உள்துறைல ரெண்டு தனித்தனி இலாகா, ஜின்ஜாவுக்கு ஒண்ணு, மதங்களுக்கு ஒண்ணு. தென்ரிக்யோ மாதிரி மக்கள் கூட்டம் கூட்டமா நம்பின ஷின்டோ இயக்கமெல்லாம் "மதம்" பக்கம், ஈசே, போர்ல செத்தவங்களுக்கான யசுகுனியெல்லாம் "நாட்டு வழக்கம்" பக்கம். 1889 அரசியல் சாசனத்துல 28வது பிரிவு மத சுதந்திரம் தருது, ஆனா பொது அமைதிக்கும் குடிமகனோட கடமைக்கும் விரோதமில்லாத வரைக்கும். இப்ப ரெண்டையும் சேத்துப் படிங்க. ஜின்ஜால குனியுறது மதம் இல்ல, கடமை. கடமைனா மத சுதந்திரத்தைக் காட்டி மாட்டேன்னு சொல்ல முடியாது. கதை முடிஞ்சது. செலவே இல்லாம எல்லா மதத்துக்காரனையும் உள்ள இழுக்குற வழி. அதனாலதான் ஊர்க்கோயிலுக்குப் பைசா வரலைன்றதும் உண்மை, பூதம் இருந்துச்சுன்றதும் உண்மை.

இட்டோ ஹிரோபுமின்ற அரசியல் தலைவர் 1888ல சாசன வரைவை முன்வைக்குறப்ப வெளிப்படையா பேசுறார், ஐரோப்பாவுல மதம்னு ஒரு அச்சு இருக்கு, அதுல மக்கள் மனசு ஒண்ணாகுது, நம்ம நாட்டுல பௌத்தமும் சரி ஷின்டோவும் சரி அந்த அளவுக்கு பலமில்ல, நமக்கு அச்சா இருக்கக்கூடியது அரச குடும்பம் மட்டும்தான்னு. ஒளிவுமறைவே இல்ல மனுஷனுக்கு. பக்தில செஞ்ச காரியம் இல்ல இது, எஞ்சினியரிங்.

வடமராட்சியான்
கருவேலங்காடு நல்லா எழுதியிருக்கிறியள். அந்தக் "கடமை" எண்ட கதை ஆக்களை என்ன செய்தது எண்டதுக்கு உச்சிமுரா கன்சோவைச் சொல்லாமல் விடேலாது. 1890இல கல்விக்கான அரச பிரகடனம் எண்டு ஒண்டு வந்தது, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் பிரதி போகும், சில அரச உயர்கல்லூரியளுக்கு மட்டும் ராசாவின்ர கையெழுத்தோட, தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பார், பிள்ளையள் தலைகுனிஞ்சு நிக்கவேணும். 1891 ஜனவரி, டோக்கியோவில முதலாம் உயர்நிலைக் கல்லூரி. ஆசிரியர்மார் ஒவ்வொருத்தரா மேடையில ஏறி அந்தக் கையெழுத்துக்கு முன்னால நல்லா வளைஞ்சு கும்பிடவேணும். உச்சிமுரா கிறிஸ்தவர், அதோட நாட்டில சரியான பற்று உள்ள மனுசன். அவர் ஏறினார், யோசிச்சார், தலையை லேசா மட்டும் அசைச்சுப்போட்டு இறங்கிட்டார். அவ்வளவுதான். மாணவரும் மற்ற ஆசிரியரும் பேப்பர்காரரும் சேர்ந்து துரோகி எண்டு துலைச்சுப்போட்டினம். இது வணக்கமே தவிர வழிபாடு இல்லை எண்டு கல்லூரி அதிபர் விளங்கப்படுத்த, சரி அப்பிடியெண்டால் குனியிறன் எண்டு அவரே ஒத்துக்கொண்டவர், ஆனால் காய்ச்சலில படுத்துக் கிடந்ததால வேற ஒருத்தர் அவருக்காகக் குனிஞ்சார். அப்பிடியும் வேலை போயிட்டுது. அந்த வருசமே மனுசியும் செத்துப்போனா.

அவர் கும்பிடாமல் விடேல்ல, *போதுமான அளவு* வளையேல்ல. எத்தினை பாகை வளைஞ்சால் தேசபக்தி?

பட்டணத்துப்பையன்
ஐயோ.

நைட்ஷிப்ட்
சீரியஸா கேக்குறேன், இதை எல்லாருமே சும்மா ஏத்துக்கிட்டாங்களா? ஜப்பான்காரன்னா தலையாட்டுவான்னு சொல்லிடாதீங்க

கருவேலங்காடு
இல்ல நைட்ஷிப்ட், நிறைய பேர் எதிர்த்தாங்க. எனக்குப் பிடிச்ச ஆள் மினகாதா குமகுசு. லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல உக்காந்து படிச்ச ஆளு, பாசி பூஞ்சை ஆராய்ச்சி, குடிகாரர், வாய் ஜாஸ்தி. 1906ல அரசாங்கம் கிராமத்துக்கு ஒரு ஜின்ஜா போதும்னு ஆணை போட்டுச்சு. ஏன்னா "நாட்டு வழக்கம்" நடக்குற இடம் கௌரவமா இருக்கணும், ரெண்டு மரத்தடில ஒரு கல்லை வச்சுக் கும்பிட்டா அது கௌரவம் இல்ல, அதை இழுத்து மூடி பெரிய ஜின்ஜாவோட சேத்துடு. சுமார் 70,000 ஜின்ஜாக்கள் பத்து வருஷத்துக்குள்ள காணாமப் போச்சு. மியே மாநிலத்துல, ஈசே இருக்குற அதே மாநிலத்துல, பத்துல ஒம்போது போச்சு. செம்பருத்தி அக்கா சொன்ன மரம் மலை சாமிங்க எல்லாம் இருந்தது அந்தச் சின்னக் கோயில்கள்லதான். ஜின்ஜா மூடினா அதைச் சுத்தி இருக்குற காவை (சாமிக் காட்டை) வெட்டி விக்கலாம், பழைய கற்பூர மரமெல்லாம் நல்ல விலை, யாருக்கு லாபம்னு சொல்லத் தேவையில்ல.

மினகாதா பேப்பர்ல எழுதித் தள்ளினார், 1910ல அதிகாரிகள் இருந்த ஒரு கூட்டத்துக்குள்ள குடிச்சுட்டுப் போய் கலாட்டா பண்ணி 18 நாள் ஜெயில்ல இருந்தார். காவை வெட்டினா பறவை போகும், பறவை போனா பூச்சி பெருகும், பயிர் போகும், ஊர்க்காரனுக்கு ஊரோட இருக்குற ஒட்டுதலே போயிடும்னு அவர் அன்னிக்கே எழுதினார். தனாபே விரிகுடால கஷிமான்னு ஒரு குட்டித் தீவோட காட்டைக் காப்பாத்தினதுல அவருக்குப் பெரிய பங்கு. 1929ல ஹிரோஹிதோ பேரரசர், அவரும் உயிரியல் பைத்தியம், அந்தத் தீவுக்கே வந்து மினகாதாகிட்ட பாடம் கேட்டார். மனுஷன் பேரரசருக்குக் கொடுத்த பூஞ்சை மாதிரிகளை எதுல வச்சுக் கொடுத்தார் தெரியுமா, கேரமல் மிட்டாய் டப்பால! அரண்மனைக்குக் காணிக்கைனா வாசனை மரப்பெட்டில குடுக்கணும். நாட்டுக்கே சாமியா இருந்த ராஜா அதை வாங்கிட்டு சந்தோஷமாப் போனார்.

செம்பருத்தி
மினகாதா என் பக்கம் சாமி, உங்க பக்கம் இழுக்காதீங்க 😄 ஆனா சரி, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஊர்ச்சாமி வேற அரசாங்கம் செஞ்சது வேற. அரசாங்கம் கை வச்சதுல முதல்ல அடிவாங்கினதே ஊர்ச்சாமிதான்.

பட்டர்வொர்த் மணி
மலேசியாலேர்ந்து எழுதுறேன். ஜப்பான்காரன் காலத்து கதை எங்க வீட்ல நெறைய உண்டு லா. தாத்தா சொல்வாரு, பள்ளிக்கூடத்துல காலைல ஜப்பான் இருக்குற தெசைய பாத்து குனியணும், கிமிகாயோ (அவன் தேசிய கீதம்) பாடணும், ஏப்ரல் 29 ராஜா பொறந்தநாள்னா ஊர்வலம் போகணும். தமிழ் பிள்ளைங்க, மலாய் பிள்ளைங்க, சீனப் பிள்ளைங்க எல்லாரும். சிங்கப்பூர்ல மெக்ரிச்சி நீர்த்தேக்கம் பக்கத்துல சியோனான் ஜின்ஜான்னு ஒண்ணு கட்டுனான், போர்க்கைதிங்களை வச்சு. தோத்துப் போறப்ப அவனே ஒடச்சிட்டான், இப்ப காட்டுக்குள்ள கல்தொட்டி மட்டும் கெடக்கு. அதுவும் மதம் இல்ல கணக்குதானா?

கருவேலங்காடு
அதே கணக்குதான் மணி அண்ணே. காலனில போய்தான் அந்தத் தந்திரம் முழு வேகத்துல ஓடுச்சு. சியோல் நம்சான் மலை மேல சோசென் ஜிங்கூன்ற பெரிய ஜின்ஜாவை 1925ல கட்டி முடிச்சாங்க, 1930கள்ல கொரியர்கள் எல்லாரும் போய்க் கும்பிடணும்னு கட்டாயம். 1938ல கொரிய பிரஸ்பிட்டேரியன் சபையோட பொதுக்கூட்டம், சுத்தி போலீஸ் உக்காந்திருக்க, ஜின்ஜா வணக்கம் மதம் இல்லைனு தீர்மானம் போட்டுச்சு. ஒத்துக்க மாட்டேன்னு நின்ன பாஸ்டர் சூ கி-சோல் 1944ல பியோங்யாங் ஜெயில்ல செத்தார்.

உள்ளூர்லயும் அப்படித்தான். 1932ல டோக்கியோல ஜோச்சி பல்கலைக்கழகம், கத்தோலிக்கர்கள் நடத்துறது. ராணுவப் பயிற்சி அதிகாரி பசங்களை யசுகுனிக்குக் கூட்டிட்டுப் போனப்ப சில கத்தோலிக்கப் பசங்க குனியல. ராணுவம் அதிகாரியையே திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு, காலேஜ் ஆட்டம் கண்டுடுச்சு. பேராயர் கல்வித்துறைக்கு எழுதிக் கேட்டார், அது தேசபக்திக்கும் விசுவாசத்துக்கும்தான், வேற ஒண்ணுமில்லைனு பதில் வந்துச்சு. 1936ல வத்திகானே அது குடிமக்கள் சடங்குதான், போகலாம்னு அனுமதி கொடுத்துருச்சு. பாருங்க, வத்திகானே அந்தப் பெட்டிக்குள்ள வந்தாச்சு.

பௌத்தமும் அப்படித்தான், உடைபட்ட மதமே பின்னாடி போருக்கு ஆசி கொடுத்துச்சு. உச்சியாமா குதோன்னு ஒரு சோத்தோ ஜென் பிக்கு, ஏழை விவசாயிக்காகப் பேசினவர், 1911ல ராஜதுரோக வழக்குல தூக்குல போட்டாங்க, அதுக்கு முன்னாடியே மடம் அவரைத் தள்ளி வச்சுருச்சு. மடம் அவர் பேரைத் திரும்பச் சேத்தது 1993ல. ஈசே தாயத்தை வீட்ல வைக்க மாட்டேன்னு சொன்ன மகிகுச்சி சுனேசபுரோ (சோகா கக்காய்ன்ற புத்த இயக்கத்தை ஆரம்பிச்சவர்) 1944 நவம்பர்ல ஜெயில்ல செத்தார். ஓமோதோன்னு ஒரு ஷின்டோ இயக்கம், அதோட கோயில்களை 1936ல போலீஸ் டைனமைட் வச்சுத் தகர்த்துச்சு. ஷின்டோகாரனையே!

பட்டர்வொர்த் மணி
ஒண்ணு சேத்துக்குறேன். யசுகுனி பக்கத்துல யூஷுகான்னு மியூசியம் இருக்கு, நான் போயிருக்கேன். நொழஞ்ச ஒடனே ஜீரோ பிளேன் ஒண்ணு, பக்கத்துல சி56 ரயில் எஞ்சின் ஒண்ணு. அந்த எஞ்சின் சயாம் பர்மா ரயில் பாதை தெறப்பு விழால ஓடுனது. எஸ்டேட்லேர்ந்து புடிச்சிட்டு போன எங்க ஆளுங்க பல்லாயிரம் பேரு அந்த பாதைல காலரால போயிட்டாங்க. எங்க தாத்தாவோட அண்ணன் திரும்பி வரவே இல்ல. அந்த எஞ்சின் பளபளன்னு தொடச்சு வச்சிருக்கான். நான் பாத்துட்டு வெளிய வந்துட்டேன், மேல மாடிக்கு போகல.

பட்டணத்துப்பையன்
மணி அண்ணே என்ன சொல்றதுன்னே தெரியல. நான் ரெண்டு தடவை அந்த ரோட்டுல நடந்து போயிருக்கேன், செர்ரிப்பூ பாக்க. யசுகுனில உங்க ஆளுங்களுக்கு இடமே இல்லையா?

கருவேலங்காடு
மூலஸ்தானத்துல இல்ல. யசுகுனி, மெய்ஜி ஆட்சி வந்தப்ப நடந்த உள்நாட்டுச் சண்டைல ராஜா பக்கம் நின்னு செத்தவங்களுக்காக 1869ல ஆரம்பிச்சது, அந்தப் பேர் வந்தது 1879ல. இப்ப 24 லட்சத்து 66 ஆயிரம் பேருக்கு மேல சாமி. அஸ்தி எலும்பு எதுவும் கிடையாது, பேர் மட்டும்தான். ராஜாவுக்காக செத்தாத்தான் இடம். ஐசு பகுதி வீரர்கள் அதே சண்டைல எதிர்ப்பக்கம், அவங்க இல்ல. மெய்ஜி அரசைக் கட்டின சைகோ தகமோரியே கடைசில கலகம் பண்ணி 1877ல செத்தார், அவரும் இல்ல. அதே சமயம் காலனி ராணுவத்துல செத்த கொரியர்கள் 21,000 பேர், தைவான்காரங்க 28,000 பேர் வரைக்கும் உள்ள இருக்காங்க, குடும்பத்துல யாரையும் கேக்காம. எங்க அப்பா பேரை எடுங்கன்னு பிள்ளைங்க கேஸ் போட்டாங்க. சேத்த ஆன்மாவைத் தனியாப் பிரிக்க முடியாதுன்றது கோயில் பதில். அப்பா அம்மாவே கேட்டாலும் முடியாதாம். மத்த எல்லா நாட்டுப் போர்ச்சாவுக்கும்னு 1965ல ஓரமா ஒரு சின்ன சன்னதி கட்டினாங்க, அதுக்கு கூட்டமும் இல்ல கவனிப்பும் இல்ல.

1978ல பூசாரி சத்தமில்லாம போர்க்காலப் பிரதமர் தோஜோ உட்பட 14 ஏ வகுப்பு போர்க்குற்றவாளிகளைச் சேத்தார், அடுத்த வருஷம்தான் ஊருக்குத் தெரிஞ்சது. ஹிரோஹிதோ 1975க்கு அப்புறம் அங்க காலடி வைக்கல, அவர் மகனும் போகல, பேரனும் போகல. காரணம் இதுதான்னு 2006ல வெளிவந்த அரண்மனை அதிகாரியோட குறிப்புல இருக்கு. ராஜாவுக்காகவே கட்டின கோயிலுக்கு ராஜா வர்றதில்ல, பிரதமர்கள்தான் போய் சண்டையை இழுக்குறாங்க, நகசோனே 1985ல, கொய்சுமி வருஷா வருஷம், அபே 2013 டிசம்பர்ல. வளாகத்துல ராதாவினோத் பாலுக்கு நினைவுக்கல் வேற இருக்கு, டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்துல எல்லாரையும் விடுவிக்கணும்னு எழுதின நம்ம நாட்டு நீதிபதி. ஜப்பான் பண்ண கொடுமைகள் நடந்ததுதான்னு அவரே தீர்ப்புல எழுதியிருக்கார், கல்லுக்கு முன்னாடி நிக்குறவன் அதைப் படிக்குறதில்ல.

வடமராட்சியான்
1945 டிசம்பர் 15 அமெரிக்கர் போட்ட உத்தரவோட அரசும் ஷின்டோவும் பிரிஞ்சிட்டுது எண்டு பாடப்புத்தகத்தில இருக்கும். 1947 சாசனத்தில 20ஆம் 89ஆம் பிரிவு, அரசு மதக்காரியம் செய்யக்கூடாது, காசும் குடுக்கக்கூடாது. ஆனால் "மதம் இல்லை வழக்கம்" எண்ட கதை பின்கதவால திரும்ப வந்தது, நீதிமன்றத்துக்குள்ளாலதான். சூ எண்ட நகரத்தில 1965இல மாநகராட்சி உடற்பயிற்சி மண்டபம் கட்டேக்க ஷின்டோ முறையில பூமி பூசை செய்தவை, செலவு 7,663 யென். ஒரு கவுன்சிலர் வழக்குப் போட்டார். மேல்நீதிமன்றம் அது மதச்சடங்குதான் எண்டது. உச்சநீதிமன்றம் 1977இல பத்துக்கு அஞ்சு, அது சமூக வழக்கம், பிழையில்லை.

1988இல இன்னும் மோசம். தற்காப்புப் படையில வேலைக்குப் போய் விபத்தில செத்த ஒருத்தரை, அவற்ற மனுசி கிறிஸ்தவ பொம்பிளை வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல, யமகுச்சியில ஜின்ஜாவில சாமியாக்கிப்போட்டினம். உச்சநீதிமன்றம் 14க்கு 1, மனுசி தோத்துப்போனா. மற்றவனின்ர மதக்காரியத்தை நீ சகிச்சுக்கொள்ளவேணுமாம். சகிப்புத்தன்மையை ஆரிட்டக் கேக்கினம் பாருங்கோ. 1997இல எஹிமே ஆளுநர் யசுகுனிக்கும் உள்ளூர் ஜின்ஜாவுக்கும் அரச காசில 166,000 யென் காணிக்கை குடுத்த வழக்கிலதான் முதல்முறையா 13க்கு 2, பிழை எண்டு தீர்ப்பு வந்தது.

செம்பருத்தி
சரி, ஆனா பட்டணத்துப்பையன் ஆபீஸ்ல அஞ்சு பேர் மதம் இல்லைனு சொன்னதுக்கு இவ்ளோ பெரிய சதி தேவையா? ஜனவரில கோயிலுக்குப் போற ஹத்சுமோதே வழக்கமே ரயில் கம்பெனிங்க டிக்கெட் விக்க விளம்பரம் பண்ணிப் பரவினதுதானே, கவாசாகி தைஷி, நரிதா எல்லாம் அப்படித்தான் கூட்டம் கண்டுச்சு, ரெண்டுமே புத்தர் கோயில் வேற. அவங்க ஜாலியா போறாங்க, எந்த ராஜாவையும் நினைக்கல.

கருவேலங்காடு
சதின்னு நான் சொல்லல அக்கா. தம்பியோட மேனேஜரும் அந்த அஞ்சு பேரும் பொய் சொல்லல, அவங்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் படுது. மதம்னா எங்கயோ போய்ச் சேர்றது, சந்தா கட்டுறது, வீட்டு வாசல்ல வந்து கதவைத் தட்டுறது. 1995ல ஓம் ஷின்ரிக்யோன்ற மதக்கூட்டம் சுரங்க ரயில்ல சாரின் விஷவாயு விட்ட அப்புறம், 2022ல அபே கொலைக்கு அப்புறம் யூனிபிகேஷன் சர்ச் சமாசாரம் எல்லாம் வெளிய வந்ததுக்கு அப்புறம் அந்த வார்த்தையே இன்னும் பயமாப் போச்சு. ஜனவரில போறது ஜாலிதான், அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அந்த டீம்ல ஒருத்தர் எனக்கு வேண்டாம், நான் வரலைனு சொன்னா என்ன ஆகும்? அதான் என் கேள்வி. தம்பி, சொல்லுங்க.

பட்டணத்துப்பையன்
எங்க டீம்ல ஒரு இந்தோனேசியப் பொண்ணு இருக்கு, முஸ்லிம். அவ படிக்கட்டுக்குக் கீழயே நின்னுட்டா, போன் பாத்துட்டு. யாரும் ஒண்ணும் சொல்லல, மேனேஜர் வரும்போது அவளுக்கும் ஒரு அமசாகே (அரிசில செய்யுற இனிப்புப் பானம்) வாங்கிட்டு வந்தார், அதுல ஆல்கஹால் இல்லையேன்னு கடைல ரெண்டு தடவை கேட்டு. 1891 மாதிரிலாம் இல்லண்ணே.

கருவேலங்காடு
சந்தோஷம். அந்த மேனேஜருக்கு என் வணக்கம், எத்தனை டிகிரினு அவரே முடிவு பண்ணிக்கட்டும்.

நைட்ஷிப்ட்
கடைசியா ஒரு டவுட். இப்ப இருக்குற ராஜா பட்டமேறினப்ப 2019ல ராத்திரியில அரிசி படைச்சு ஏதோ பூஜை பண்ணாரே, அதுக்கு யார் காசு? அதுவும் "வழக்கம்" கணக்குல எழுதிட்டாங்களா?

வடமராட்சியான்
தைஜோசாய். அரச காசுதான். அது மதத்தன்மை உள்ள சடங்கு எண்டு அரசாங்கமே ஒத்துக்கொண்டு, ஆனால் பொது முக்கியத்துவம் இருக்குது எண்டு சொல்லிக் குடுத்தவை. 2018 நவம்பரில ராசாவின்ர தம்பி அகிஷினோ பேப்பர்காரருக்கு முன்னால, இது மதச்சாயல் கூடின விசயம், இதுக்கு அரச காசு எடுக்கிறது சரியோ, எங்கட குடும்பச் செலவுக் காசில சின்னனாச் செய்தால் என்ன எண்டு கேட்டவர். அரண்மனை நிர்வாகத்தைக் கேட்டும் காது குடுக்கேல்ல எண்டும் சொன்னார்.

நைட்ஷிப்ட்
அப்ப ராஜா வீட்டு ஆளே மதம்ன்றார், ஆபீஸ்ல மட்டும் இல்லைன்றாங்க. சரி நான் டூட்டிக்குக் கிளம்புறேன், மட்டுறுத்துநர் ஐயா இதைப் பூட்டிடாதீங்க, மினகாதா பத்தி இன்னும் கேக்கணும்.